திரை அண்ணனுடையது, கணக்கு என்னுடையது

பாம்பனில் இரண்டு மீன் ஷெட்டுகளுக்கு நான் எழுதிக்கொடுத்த எடை போடும் மென்பொருளுக்கு நண்டு எப்படி இருக்கும் என்று தெரியாது. இறால் படம் திரையின் எந்த மூலையில் இருக்கிறது, தொட்டால் என்ன நிறத்துக்கு மாறுகிறது, விலை எந்த எழுத்தில் தெரிகிறது, எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று முடிவு பண்ணித்தான் எழுதினேன். கண்ணில் படுவது முழுக்க, படகுகளுக்குப் பெயர் எழுதும் ஒரு அண்ணன் வரைந்த படங்கள்.

திரையையும் கணக்கையும் தனித்தனியாக வைப்பது மென்பொருள் உலகில் பழைய பேச்சு. கல்லூரியில் அதைச் சுத்தம், ஒழுங்கு என்று சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வேலையில் எனக்கு அது காலண்டர் சமாச்சாரமாகத்தான் வந்து நின்றது. யார், எந்த மாதத்தில், யாரையும் கேட்காமல் எதை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் கேள்வி.

ஏன் என்றால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வள்ளங்களும் நாட்டுப்படகுகளும் போய்வரும் என்றாலும் ஷெட்டில் கூட்டம் குறைந்துவிடும். மென்பொருளைப் பிரித்துப்போட்டு வேலை பார்க்க எனக்கு அதுதான் தோதான காலம். அண்ணனுக்கோ அப்போதுதான் மூச்சுவிட நேரம் இருக்காது. கரையேறிய படகுகளுக்கெல்லாம் மராமத்து முடிந்து பெயிண்ட் அடித்ததும், முன்பக்க அணியத்தில் பெயரும் பக்கவாட்டில் பதிவு எண்ணும் எழுத வரிசையில் நிற்பார்கள். ஜூன் பாதிக்கு மேல் அவர் ஃப்ரீ. அப்போது ஷெட்டில் விடியற்காலை நாலு மணிக்கே கூடை வந்துவிடும், நான் நிரலில் கை வைக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒரே கோப்பை மாற்ற வேண்டும் என்றால் இந்த வேலை முடிந்தே இருக்காது.

ஷெட்டில் நடப்பது ரொம்ப எளிது. கூடையைத் தராசில் வைப்பார்கள். எலக்ட்ரானிக் தராசின் பின்னால் ஒரு சீரியல் கேபிள். எடையை அது ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். எடை போடும் அக்கா திரையில் மீனைத் தொடுவார், எடை நின்றதும் பதிவு பண்ணுவார், சின்னதாக ஒரு சீட்டு அச்சாகி வரும். அக்காவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் நாலு படகு ஒரே சமயத்தில் வந்து நிற்கும்போது வாசிக்க யாருக்கு நேரம்? படமாக இருந்தால் கை தானாகப் போய்விடும். கையும் ஈரக்கை. செல்போனில் இருக்கும் கெபாசிட்டிவ் திரை தண்ணீர்ச் சொட்டையே விரல் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் அழுத்தத்துக்கு மட்டும் அசையும் ரெசிஸ்டிவ் திரை, 800க்கு 480 புள்ளி.

முதலில் நானே சாம்பல் கட்டங்கள் போட்டு, உள்ளே மீன் பெயர் எழுதி ஒரு மாதிரி காட்டினேன். ஷெட் ஓனர் பார்த்துவிட்டு, “பேங்க் ஏடிஎம் மாதிரி இருக்குப்பா” என்றார். பாராட்டு இல்லை. அப்புறம்தான் அண்ணனிடம் போனது.

அண்ணன் இப்போது ஃபிளெக்ஸ் பேனரும் செய்கிறார். போட்டோஷாப் அத்துப்படி. ஆனால் நிரல் எழுதத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. அவர் முழுத் திரையையும் ஒரே ஓவியமாக வரைந்து கொடுத்தார்: கடல் நீலப் பின்னணி, மேலே சீலா, பாறை, நடுவில் இறால் வகைகள், கீழே கணவாய், நண்டு. பொத்தான் என்று தனியாக எதுவும் இல்லை. மீன்தான் பொத்தான். இதை அப்படியே வைத்துக்கொண்டு, தொட்டது எந்த மீன் என்று நிரல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஒவ்வொரு மீனுக்கும் இடது, மேல், அகலம், உயரம் என்று நாலு எண்ணை நான் நிரலில் எழுதலாம். அண்ணன் சீலாவைக் கொஞ்சம் நகர்த்தினால் எனக்குப் போன் வரும். இன்னொரு வழி உண்டு, விளையாட்டு மென்பொருள்களில் பழகிய வழி. அதே அளவில் இரண்டாவது படம் ஒன்று. யார் கண்ணுக்கும் அது தெரியாது. அதில் மீனோ கடலோ இல்லை, தட்டையான வண்ணத் திட்டுகள் மட்டும். சீலா இருக்கும் இடம் முழுக்க ஒரு சிவப்பு, பாறை இருக்கும் இடம் ஒரு பச்சை, தொடக்கூடாத இடமெல்லாம் கறுப்பு. விரல் பட்ட புள்ளியின் நிறத்தை அந்த இரண்டாவது படத்தில் நிரல் பார்க்கும். எந்த நிறம் எந்த மீன் என்பது அண்ணனின் ஃபோல்டரில் இருக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் வரி வரியாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது படத்தில்தான் விஷயமே இருக்கிறது. அண்ணன் முதலில் இதை மெல்லிய தூரிகைக் கருவியால் தீட்டினார். பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது. அந்தக் கருவி ஓரங்களை மழுப்பிவிடும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இருபது வகைக் கருஞ்சிவப்பு உண்டாகிவிடும், அவற்றில் ஒன்றுக்குக்கூட மீன் கிடையாது. அதே போட்டோஷாப்பில் பென்சில் கருவி ஓரத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் விடும். அதற்கு மாறினார். அடுத்து, படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினார். வாட்ஸ்அப் அதை ஜேபெக் ஆக்கிச் சுருக்கிவிடும். சுருக்கும்போது நிறங்கள் ஒன்றிரண்டு எண் நகர்ந்துவிடும். 255 என்று தீட்டிய சிவப்பு 254 ஆக வந்து நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நிரலுக்கு அது வேறு நிறம். பிஎன்ஜியாகச் சேமித்து டாக்குமெண்ட்டாக அனுப்பினால் ஒரு புள்ளிகூட மாறாது.

இதற்குள் ஒரு வசதி ஒளிந்திருந்ததை அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். பார்ப்பதற்கு ஒரு உருவம், தொடுவதற்கு ஒரு உருவம், இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஊசிக்கணவாய் மெலிசாக நீண்டு கிடக்கும். அதைப் படத்தில் குண்டாக்கினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. வண்ணத் திட்டை மட்டும் சுற்றிலும் தாராளமாகத் தீட்டிவிட்டார். அக்காவின் கட்டைவிரல் பக்கத்தில் எங்கே பட்டாலும் கணவாய்தான். நான் எண்களைத் தட்டிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது.

படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பொத்தான் வைக்கும் யோசனை 1987-ல் ஆப்பிளிலிருந்து பில் அட்கின்சன் கொண்டுவந்த ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளில் ஏற்கெனவே உண்டு. அட்டையில் என்ன வேண்டுமானாலும் வரையலாம், மேலே கண்ணாடி மாதிரி ஒரு பொத்தானை வைக்கலாம். ஆனால் அந்தப் பொத்தானுக்குள்ளேயே அது செய்யவேண்டிய வேலையையும் எழுதுவதுதான் வழக்கம். 1991-ல் வந்த விஷுவல் பேசிக்கும் அதே ஜாதி. பொத்தானை இரண்டு முறை தட்டினால் அதற்கு உள்ளே நிரல் எழுத ஜன்னல் திறக்கும். அதைப்போல வேலையைச் சட்டென்று முடித்துக்கொடுத்த கருவி குறைவு. ராமநாதபுரம் பஜாரில் சில கடைகளில் அப்படி எழுதிய பில் மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை நானே பார்க்கிறேன். ஆனால் பொத்தானும் கணக்கும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கும், அதுதான் வம்பு.

மறுபக்கம் வின்ஆம்ப். 1997-ல் வந்த அந்தப் பாட்டுப் போடும் மென்பொருளுக்கு அடுத்த வருடம் வந்த இரண்டாம் பதிப்பில் ‘ஸ்கின்’ மாட்ட முடிந்தது. பெயரைப் பார்த்தால் பெரிசாகத் தெரியும், பிரித்தால் ஒரு ஜிப் கோப்பு. உள்ளே பிட்மேப் படங்கள். முக்கிய ஜன்னலுக்கு 275க்கு 116 புள்ளியில் ஒன்று, பொத்தான்களின் அழுத்திய நிலையும் அழுத்தாத நிலையும் சேர்த்து ஒன்று, பூஜ்யம் முதல் ஒன்பது வரை இலக்கங்களுக்கு ஒன்று. அந்தப் படங்களை மாற்றி வரைந்தால் மரப்பெட்டியாகவும் ஆக்கலாம், விண்கலமாகவும் ஆக்கலாம். பாட்டு பாடும் பகுதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நிரல் தெரியாத பள்ளிப் பையன்கள்கூட ஸ்கின் செய்தார்கள். பொத்தான்கள் இருக்கும் இடத்தை மட்டும் நகர்த்த முடியாது. 2002-ல் மூன்றாம் பதிப்பு அந்தக் கட்டையும் அவிழ்த்து, ஸ்கின்னுக்குள்ளேயே நிரல் எழுத வழி கொடுத்தது. கனமாகிவிட்டது என்று ஆட்கள் இரண்டாம் பதிப்பை விடவில்லை. 2003 கடைசியில் இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து என்று அடுத்ததை விட்டார்கள். எனக்கு அந்தக் கதையிலிருந்து கிடைத்த எச்சரிக்கை, வரைகிறவரின் ஃபோல்டருக்குள் ‘இப்படி இருந்தால் அப்படி’ என்ற ஒரு வரிகூட நுழையக்கூடாது என்பது.

இந்தப் பிரிவினைக்கு 1979-லேயே பெயர் கொடுத்தவர் டிரிக்வே ரீன்ஸ்காக், நார்வேக்காரர். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்துக்கு விருந்தினராக வந்திருந்தபோது எழுதிய குறிப்புகளில்தான் எம்விசி (மாடல், வியூ, கண்ட்ரோலர்) பிறந்தது. அதற்கு முன்னால் அவர் செய்துகொண்டிருந்தது கப்பல் வடிவமைக்கும் மென்பொருள். அவருடைய ஆட்டோகான் 1963-ல் நார்வேயில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்கு வந்தது. படகு எழுதும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அப்ப நம்மாளு” என்றார்.

சரி, திரையும் கணக்கும் ஒன்றை ஒன்று பார்க்கக்கூடாது என்றால் இரண்டும் எப்படிப் பேசும்? பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு மாதிரிதான். காற்றழுத்தத்தைக் கணிப்பவர் சென்னை வானிலை ஆய்வு மையத்தில் இருக்கிறார். இங்கே கம்பத்தில் கூண்டை ஏற்றுபவருக்கு அந்தக் கணிப்பு தெரியவேண்டியதில்லை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும் எந்த வரிசையில் என்று கணிப்பவர் யோசிக்கவேண்டியதில்லை. நடுவில் ஒன்று முதல் பதினொன்று வரை எண் மட்டும் போகிறது. மூன்றாம் எண் என்றால் கரையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

எங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல்தான். திரையிலிருந்து கணக்குக்குப் போவது: மீன் எண், பதி, ரத்து, படகு மாற்று. கணக்கிலிருந்து திரைக்கு வருவது: எடை ஆடுகிறது, எடை நின்றது, பதிவானது, காகிதம் தீர்ந்தது, தராசு பேசவில்லை. அதோடு எடை, விலை, தொகை என்று மூன்று எண்கள். ஒரு பக்கத்தில் அச்சடித்து அண்ணன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. இந்த மென்பொருளில் நான் அதிகம் யோசித்தது அந்த ஒரு பக்கத்துக்குத்தான். நிரலை மூன்று தடவை மாற்றி எழுதலாம், யாருக்கும் தெரியாது. பட்டியலில் ஒரு சொல்லை மாற்றினால் இரண்டு பேருக்கும் வேலை.

ஒவ்வொரு நிலைக்கும் அண்ணன் படம் தரவேண்டும். ‘எடை ஆடுகிறது’ என்பதைப் பார்த்ததும், “அது எதுக்கு? நின்னப்புறம் காட்டினா போதாதா?” என்றார். கூடையை வைத்ததும் தராசு ஒரு விநாடி அலைபாயும். அப்போது அக்கா பதிந்தால் எடை கூடவோ குறையவோ விழும், படகுக்காரர் சண்டைக்கு வருவார். பதிய விடாமல் தடுப்பது என் வேலை. ஏன் பதியவில்லை என்று அக்காவுக்குக் காட்டுவது அவர் வேலை. எடை நிற்கும் வரைக்கும் எல்லா மீனையும் மங்கலாக்கி வைத்தார். மத்தியான வெயிலில் அந்த மங்கல் சுத்தமாகத் தெரியவில்லை. திரை முழுக்க ஒரு மஞ்சள் பட்டை ஓடுகிற மாதிரி மாற்றினார். இரண்டு தடவையும் என் நிரல் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

எண்களைப் பற்றிக் கொஞ்சம். தமிழ் எழுத்தைத் திரையில் சரியாக வரைவது சின்ன கருவிகளில் இன்னும் தலைவலிதான். யூனிகோடில் ‘கெளுத்தி’ என்று எழுதினால் ‘க’ முதலில், கொம்பு அதற்குப் பின்னால் என்ற வரிசையில்தான் சேமிப்பாகும். கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்க எழுத்துகளை வடிவமைக்கும் தனிப் பகுதி வேண்டும். அது இல்லாத மென்பொருள் தொகுப்பில் கொம்பு க-வைத் தாண்டி வந்து ள-வின் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். அண்ணனோ ஃபிளெக்ஸ் தொழிலில் எல்லோரையும் போல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர். அவர் தட்டியதை எழுத்தாக வாங்கினால் எனக்குக் கிடைப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாவற்றையும் படமாக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. எழுத்து படத்தோடு படமாக வந்துவிடுகிறது. மாறுவது எண் மட்டும்தான் என்பதால், வின்ஆம்பில் இருந்ததுபோல பத்து இலக்கங்களும் ஒரு புள்ளியும் ஒரு கழித்தல் குறியும் ஒரே நீளப் படத்தில் கேட்டேன்.

“மீனுக்கு எதுக்கு தம்பி மைனஸ்?” என்றார். வெறும் கூடையின் எடையைக் கழித்து தராசை பூஜ்யத்தில் வைத்த பிறகு, கூடையைத் தூக்கினால் தராசு மைனஸ் காட்டும் என்றேன். அவர் கையெழுத்தில் ‘1’ ஒல்லி, ‘8’ குண்டு. படகில் எழுதும்போது அதுதான் அழகு. திரையில் விநாடிக்குப் பல தடவை மாறும் எண்ணில், ஒல்லியும் குண்டும் மாறி மாறி வந்தால் மொத்த எண்ணும் இடமும் வலமும் ஆடும். எல்லா இலக்கத்துக்கும் ஒரே அகலப் பெட்டி, உள்ளே எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று முடிந்தது.

பாம்பனுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பேச்சில் வடகடல், தென்கடல். வடகடல் ஷெட்டில் இறால், நண்டு, கணவாய், காரல். தென்கடல் ஷெட்டில் சீலா, பாறை, சூரை, விளமீன் என்று பட்டியலே வேறு. இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே நிரல், ஃபோல்டர் மட்டும் வேறு. தென்கடல் ஓனர் விலை திரையில் தெரியக்கூடாது என்றார், பக்கத்து வியாபாரி எட்டிப்பார்க்கிறாராம். அண்ணன் அந்த ஃபோல்டரின் கோப்பில் விலை உட்காரும் இடத்துக்கான வரியை எடுத்துவிட்டார். இடம் இல்லை என்றால் என் நிரல் வரையாது, புகாரும் சொல்லாது. எனக்கு இது தெரிந்ததே பிறகு ஒரு நாள் டீக்கடையில்தான்.

எல்லாம் இப்படி வெட்டினாற்போல் பிரிந்துவிடாது. ‘ரத்து’ பொத்தானை அண்ணன் மூலையில் சின்னதாக வைத்தார். அழிக்கிற பொத்தான் கைக்கு எட்டாமல் இருப்பதே நல்லது என்பது அவர் எண்ணம். அக்கா தவறிப்போய் பாறைக்குப் பதில் சூரையைத் தொட்டால் திருத்த அதைத் தேட வேண்டியிருந்தது. பெரிசாக்கினால் பயம், சின்னதாக்கினால் சிரமம். அளவு அவர் முடிவு என்றாலும் அந்தப் பயம் என் கணக்கிலிருந்து வந்தது. அதனால் ரத்து என்றால் எதையும் அழிக்காமல், அதே தொகையைக் கழித்து இன்னொரு வரி எழுதி இன்னொரு சீட்டும் அடிக்கிற மாதிரி மாற்றினேன். அதற்கப்புறம் அவர் பொத்தானைத் தைரியமாகப் பெரிசாக்கினார்.

இன்னொரு நாள், நண்டு விலை ஒரு அளவைத் தாண்டினால் நண்டைச் சிவப்பாகக் காட்டவேண்டும், அந்த அளவைத் தன் கோப்பிலேயே எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் அந்த ஒரு வரி உள்ளே போனால், நாளைக்கு விலை ஏன் அப்படித் தெரிகிறது என்று கேட்கும்போது இரண்டு இடத்தில் தேடவேண்டி வரும். ‘விலை ஏறியது’ என்று பட்டியலில் ஒரு நிலை சேர்த்தேன். எப்போது ஏறியது என்பதை கணக்கு சொல்லும், சிவப்பா ஆரஞ்சா என்பதை ஃபோல்டர் சொல்லும்.

படத்தால் செய்த திரை எல்லா வேலைக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்வை இல்லாதவருக்காகத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு எங்கள் திரை வெறும் ஓவியம், அதில் ஒரு சொல்கூட இல்லை. எழுத்தைப் பெரிசாக்கிப் பார்க்க முடியாது. ஓனர் செல்போனில் பார்க்கும் மாதக் கணக்கை நான் சாதாரண வலைப்பக்கமாகத்தான் செய்திருக்கிறேன். அங்கே அண்ணனுக்கு வேலை இல்லை.

அவர் இல்லாமல் என் பாதியைச் சோதிப்பது சுலபம். மண்டபத்திலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, மீன் 7, எடை 12.450, பதி என்று தட்டினால் சீட்டு எப்படி வரும் என்று தெரிந்துவிடும். திரையே வேண்டாம். அவருக்கும் ஒரு பொம்மை நிரல் எழுதிக்கொடுத்திருக்கிறேன். தராசு இல்லாமலேயே எல்லா நிலைகளையும் ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டிக்காட்டும். படம் இல்லாத நிலை வந்தால் அந்த இடத்தில் நிலையின் பெயரைக் கொட்டை எழுத்தில் காட்டி மானத்தை வாங்கும்.

இப்போதைய சிக்கல் அளவு. பழைய திரை உப்புக்காற்றில் போய்விட்டதால் தென்கடல் ஷெட்டில் புதிதாக வாங்கியது 1024க்கு 600. ஆண்ட்ராய்டில் ‘நைன் பேட்ச்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. படத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி அகலத்துக்குக் கறுப்புக் கோடு போட்டு, எந்தப் பகுதி நீளலாம், எது நீளக்கூடாது என்று காட்டிவிடலாம். பெட்டிக்கும் சட்டத்துக்கும் அது அருமையாக வேலை செய்யும். மீனை இழுத்தால் சீலா விலாங்காகிவிடும் என்று அண்ணன் முடியாது என்றுவிட்டார். எல்லாவற்றையும் புதிதாக வரைய அவருக்குத் தடைக்காலம் முடிய வேண்டும். அதுவரை பழைய படத்தை நடுவில் வைத்து ஓட்டுகிறோம். இடதும் வலதும் 112 புள்ளி, மேலும் கீழும் 60 புள்ளி சும்மா கறுப்பாகக் கிடந்தது. போன வாரம் போய்ப் பார்த்தால் அந்த ஓரத்தில் ‘படகு பெயர், ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர் வேலைகள் செய்து தரப்படும்’ என்று போன் நம்பரோடு விளம்பரம். என்ன அண்ணே இது என்றேன். “பின்னணி என் கணக்குலதானே தம்பி வருது” என்றார். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தேன், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஓனரிடம் வாடகை பேசிவிட்டாராம்.